தேன்மொழி, ஒற்றைக்குழல்

துப்பாக்கிக் கம்பெனிக்காரர்கள் தங்கள் துப்பாக்கிகளுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் நீங்கள் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். எனக்குக் கல்யாணமான மூன்றாம் மாதமே தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டதோடு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. துணியில் சுற்றிய துப்பாக்கிக் கட்டையைக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு, ஊரே பார்க்க மேடையேறி, அமைச்சர் வாயால் அதற்குப் பெயர் வாங்கி வந்தவள் நான். (இந்த ஜில்லாவில் இன்னொருத்தி இருந்தால் கை தூக்கட்டும். நாங்கள் சங்கம் வைத்துக்கொள்கிறோம்.)

தாராசுரத்தில் எங்கள் வீட்டைத் துப்பாக்கி ஆசாரி வீடு என்பார்கள். என் மாமனார், நான் மாமா என்று கூப்பிடுவேன், சர்க்கார் லைசென்சு வாங்கி நாட்டுத் துப்பாக்கி செய்கிறவர். ஒற்றைக்குழல், குழலின் வாய்வழியே வெடிமருந்தைக் கெட்டித்துச் சுடுகிற ரகம். வயலில் கிளி விரட்டவும், கொக்கு, உள்ளான் அடிக்கவும் வாங்கிப் போவார்கள். செய்த ஒவ்வொன்றையும் கொல்லையில் சுட்டுப் பார்த்துப் பார்த்து மாமாவுக்குக் காது பாதிக்கு மேல் போய்விட்டது. தனக்குக் கேட்காததால் உலகத்துக்கே கேட்காது என்ற நம்பிக்கையில் பேசுவார். அவர் ரகசியம் சொன்னால் ஐராவதேஸ்வரர் கோயில் கோபுரத்துப் புறா எழுந்து பறக்கும்.

நான் கும்பகோணத்தில் பி.ஏ. தமிழ் படித்தவள். அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் அப்படி ஒரு காரியம் செய்ததில்லை. அதனால் மாமியாருக்கு என் பெயரே பி.ஏ. ஆகிவிட்டது. "பி.ஏ., சோத்த வடிச்சியா? பி.ஏ., மாட்டுக்குத் தண்ணி காட்டு."

அப்போது கட்சி ஆட்சிக்கு வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. டெல்டா முழுக்க அறுவடைக் கூலித் தகராறு. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஒரு ஊரில் ஆட்கள் வயலில் இறங்க மாட்டோம் என்பார்கள். இன்னொரு ஊரில் மிராசுதார் வெளியூர் ஆளை இறக்குவார். போலீஸ் முகாம் போடும். இந்தக் களேபரத்தில் எங்கள் பட்டறைக்கு ஆர்டர் கூடியது. லைசென்சைப் புதுப்பிக்கும் காலமும் வந்தது. தாலுகா ஆபீசில் கேட்டால், "மேல யோசிக்கிறாங்க பெரியவரே" என்று மட்டும் பதில். லைசென்சு போனால் பட்டறை போகும். பட்டறை போனால் அதில் வேலை பார்க்கிற ஆறு பேர் வீட்டு அடுப்பு அணையும், எங்களுடையதும் சேர்த்து. மாமா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். அதைப் பார்த்து மாமியாரும் குறைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் பசி குறையவில்லை, கூச்சமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் மாமா ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே வெளிநாட்டுத் துப்பாக்கிக் கம்பெனிகளின் பழைய விளம்பரப் புத்தகங்கள். எப்போதோ ஒரு எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனவையாம். மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. இத்தனை வருஷமாகப் படம் மட்டும் பார்த்து வந்திருக்கிறார்.

"ஒவ்வொண்ணுக்கும் கீழ என்னமோ போட்டிருக்கானே, என்னாம்மா அது?"

"பேர் மாமா."

"செஞ்சவன் பேரா?"

"துப்பாக்கியோட பேர்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "துப்பாக்கிக்குப் பேரா! நான் இத்தன வருசம் நம்பரத்தானே அடிச்சு அனுப்புனேன்."

அன்றிலிருந்து அடுப்பு வேலை முடிந்ததும் நான் படித்துச் சொல்வதும், மாமா பட்டறைத் திண்டில் உட்கார்ந்து கேட்பதும் வழக்கமாயிற்று. எனக்கும் ஆர்வம் பிடித்துக்கொண்டது. பட்டாளத்துத் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் வருஷம்தான் பெயர். எந்த வருஷம் பட்டாளம் ஏற்றுக்கொண்டதோ, அதுவே மாடல். "அப்படின்னா உங்க அத்தை வெள்ளத்து வருசத்து மாடல்" என்று மாமா உள்ளே பார்த்துச் சொன்னார். (உள்ளேயிருந்து ஒரு பாத்திரம் விழும் சத்தம் வந்தது. அது மாமாவுக்கே கேட்டது.)

சிலர் கண்டுபிடித்தவன் பெயரையே வைத்துவிடுகிறார்கள். மாமா இதற்கு ஒப்பவில்லை. "எவனோ சுடுவான், பேரு என்னுதா வரும். போலீஸு நேரா இங்கதான் வருவான்" என்றார்.

பன்னிரண்டு போர் என்று சொல்கிறார்களே, அதன் கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும்படி ஈய உருண்டை பிடித்தால் ஒரு பவுண்டு ஈயத்துக்குப் பன்னிரண்டு உருண்டை வருமாம். ஆகவே எண் ஏற ஏற வாய் சிறுக்கும். இருபது போர் பன்னிரண்டைவிடச் சின்னது. நான் இதை விளக்கி முடிக்க அரைமணி ஆயிற்று. மாமியார் முறத்தைத் தட்டிக்கொண்டே, "கொழுக்கட்டக் கணக்குதானே? ஒரு படி மாவுல கொழுக்கட்ட கூட வந்தா அது சிறுசு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் மிருகங்கள், பறவைகள். புலி, கழுகு, பருந்து. பாம்பின் பெயர்கூட இருந்தது. அமெரிக்காவில் ஒரு கைத்துப்பாக்கிக்குச் 'சமாதானம் செய்கிறவன்' என்றே பெயர். "ஏன், அவன் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டா?" என்று மாமா கேட்டார். பிற்காலத்தில் இன்னொன்றும் படித்தேன். ஐரோப்பாவில் ஒரு கம்பெனி தன் முதல் கைத்துப்பாக்கிக்கே பதினேழு என்று பெயர் வைத்ததாம். அது அந்த முதலாளி வாங்கிய பதினேழாவது காப்புரிமை என்று சொல்கிறார்கள். மாமா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால், மற்ற பதினாறும் என்ன என்று கேட்டு என் உயிரை எடுத்திருப்பார்.

படித்ததில் ஒன்றை நானாகக் கவனித்தேன். மாவு அரைத்தால் மாவு மில், நெல் குத்தினால் ரைஸ் மில். துப்பாக்கிக்கு மட்டும் அது செய்கிற வேலையை யாரும் பெயராக வைக்கவில்லை. புலி என்கிறார்கள், கழுகு என்கிறார்கள், சமாதானம் என்கிறார்கள். ஏன் இப்படி என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அந்த யோசனையை இன்னும் ஒரு நாள் நீட்டித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. நான் என்ன செய்தேன்? நானும் ஒரு நல்ல பெயர் தேட உட்கார்ந்துவிட்டேன்.

வீடே சேர்ந்து தேடியது. என் வீட்டுக்காரர் வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர். அவர் "எம்டன்" என்றார். அந்த வருஷத்துக்கு மூன்று வார்த்தை பாக்கி. மாமியார் குலதெய்வம் காத்தாயி பெயரை வைக்கச் சொன்னார். "சாமி பேர வச்சுட்டு அது வாயில குச்சிய வுட்டு மருந்தக் கெட்டிக்கிறதா?" என்று மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பி.ஏ. அல்லவா? 'விண்ணதிர் கடுமுழக்கி' என்று சொன்னேன்.

"நீ அதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கொக்கு பறந்துடும்மா."

அப்போதுதான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது.

அந்த நாளில் கட்சிக் கூட்டம் என்றால் மாலை, பொன்னாடை, அதன் பிறகு பெயர் சூட்டல். பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைக்காமல் 'பாப்பா', 'தம்பி' என்று கூப்பிட்டுத் தலைவர் வரும்வரை நிறுத்தி வைத்திருப்பார்கள். தலைவர் தாமதித்தால் பிள்ளை வளர்ந்துவிடும். தானே மேடைப்படி ஏறிப் பெயர் வாங்கிக்கொண்டு, இறங்கி முறுக்கு கேட்ட பிள்ளையை நானே பார்த்திருக்கிறேன். வலங்கைமானில் அமைச்சர் பேசப்போகிறார் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது.

"அமைச்சரே தமிழ்ல பேர் வச்ச துப்பாக்கிக்கு எந்த ஆபீசர் மாமா லைசென்சு இல்லேம்பாரு?" என்று அவர் காதில் கத்தினேன்.

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்று ராத்திரி அவர் வயிறாரச் சாப்பிட்டார். படித்த மருமகள் வந்ததால்தான் குடும்பம் பிழைத்தது என்று மாமியாரிடம் சொன்னார், தெருவுக்கே கேட்டது. எனக்குத் தலை கிறுகிறுத்தது.

ஒன்றியச் செயலாளர் தங்கராசு மாமாவுக்குப் பழக்கம். "பொன்னாடை போத்துறப்ப உங்களையும் மேடைக்குக் கூப்புடுறேன். குடுங்க, அண்ணன் ஒரு பேரு சொல்லிடுவாரு" என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கூட்டத்துக்குத் துப்பாக்கி கொண்டுபோக முடியாது. மாமாவுக்குச் சட்டம் அத்துப்படி. "குழல் இல்ல, விசை இல்ல. வெறும் கட்டைய எடுத்துட்டுப் போவோம். கட்டைக்குச் சட்டம் கெடையாது" என்றார். தோளில் அணைத்துப் பிடிக்கிற மரப்பகுதியைத்தான் கட்டை என்போம். தேக்கில் புதிதாக ஒன்று இழைத்தார். ஒரு பக்கம் உருண்டு திரண்டு, மறுபக்கம் மெலிந்து, நடுவில் லேசாக வளைந்து, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட நீளம். (உங்களுக்கு இப்போது என்ன தோன்றுகிறதோ அது எனக்கு அன்று தோன்றவில்லை.)

கிளம்பும் அன்று பார்த்தால் வார்னிஷ் சரியாகக் காயவில்லை. மாமா அதைப் பழைய மல் வேட்டியில் பூப்போலச் சுற்றி என்னிடம் தந்தார். "தோள்ல சாய்க்காத, ஒட்டிக்கும். அக்குள்ல இடுக்காத. ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு வா." மாலையும் பொன்னாடையும் பழத்தட்டும் அவர் கையில்.

பஸ்ஸில் ஏறியதுமே கண்டக்டர், "கைக்கொழந்தக்காரங்க நிக்கிறாங்கல்ல, எந்திரிங்கய்யா" என்று ஒருவரை எழுப்பிவிட்டார். குழந்தை இல்லை என்று சொன்னால் எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்துகொண்டேன். ஜன்னலோரம், நல்ல காற்று. பக்கத்து இருக்கைப் பெண்மணி துணியைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

வலங்கைமான் மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் மிராசுதார்கள் நாற்காலியில், மறுபக்கம் கூலிக்காரக் குடும்பங்கள் தரையில், நடுவில் போலீஸ். "இங்கயே நில்லு, தங்கராசப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று மாமா கூட்டத்துக்குள் போய்விட்டார். தோளில் கட்சித் துண்டு போட்ட ஒரு தொண்டர் என்னிடம் ஓடிவந்தார்.

"பேரு வைக்கத்தானே வந்தீங்க?"

"ஆமாங்க." (பொய் இல்லையே!)

"அப்ப இங்க ஏன் நிக்கிறீங்க? அந்த வரிசைக்குப் போங்க, போங்க."

பொன்னாடைக்காரர்கள் வரிசை என்று நினைத்துப் போனேன். போய் நின்ற பிறகுதான் முன்னாலும் பின்னாலும் குழந்தைகள் அழுவது காதில் விழுந்தது. விலகலாம் என்றால் இரண்டு பக்கமும் சவுக்குக் கழி கட்டியிருந்தது. மாடு உள்ளே போனால் மறுமுனையில்தான் வெளியே வர முடியும் என்கிற மாதிரி கட்டியிருந்தார்கள்.

எனக்கு முன்னால் ஒரு பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், இடுப்பில் பையனோடு நின்றாள். பெயர் அஞ்சலை. பக்கத்துக் கிராமத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். கேட்காமலே எல்லாம் சொன்னாள். நானும் பயத்தில் பேச்சை வளர்த்தேன்.

"ஒம்புள்ள சத்தமே காணுமே. பால் குடிச்சுச்சா?"

"தூங்குதுங்க."

"கொடுத்து வச்சவ. இவன் தூங்குறதே இல்ல. எங்க பண்ணை புதுசாத் துப்பாக்கி வாங்கிருக்காரு. ஒருநாளு வானத்தப் பாத்து ஒண்ணு சுட்டாரு. அன்னையிலேர்ந்து தட்டுமுட்டுச் சத்தம் கேட்டாலே இவனுக்குத் தூக்கிவாரிப் போடுது."

"ஏன் சுட்டாரு?"

"சும்மாதான். நாங்க கூலி கூடக் கேட்டம்ல? களத்துமேட்டுல நாக்காலியப் போட்டு, அத மடியில வச்சுக்கிட்டு உக்காந்துருக்காரு. நாம வாயத் தொறந்தா ஒரு துணிய எடுத்து அதத் தொடைக்க ஆரம்பிப்பாரு. வேற ஒண்ணும் பண்ண மாட்டாரு. தொடைப்பாரு. நாம வாய மூடிக்குவோம்."

"எந்த ஊருத் துப்பாக்கியாம்?"

"தாராசுரத்துல செய்றாங்களாம்."

அந்தத் துப்பாக்கி எங்கள் வாசலில் வண்டி ஏறியபோது அதன் கட்டைக்குச் சந்தனம் குங்குமம் இட்டவள் நான். கிளிக்கு என்றுதான் அந்தப் பண்ணையார் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. முந்தைய வாரம் நாள் முழுக்க யோசித்தும் கிடைக்காத விடையை இவள் போகிறபோக்கில் சொல்லிவிட்டாள். எவனும் துப்பாக்கிக்கு அதன் வேலையைப் பெயராக வைக்காதது ஏன் என்று இப்போது புரிந்தது. வைத்தால் வாங்குகிறவனுக்கே கூச்சமாக இருக்கும்.

"மூஞ்சிய இப்புடி மூடாதம்மா, மூச்சு முட்டப்போவுது" என்று அஞ்சலை சட்டென்று துணியை விலக்கினாள்.

தேக்குக் கட்டை பளபளவென்று அவளைப் பார்த்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கத்தப்போகிறாள், போலீஸ் வரப்போகிறது, லைசென்சு போகப்போகிறது. ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால் அஞ்சலையின் கண்களில் தண்ணீர். துணியை மெல்ல இழுத்து மூடினாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை வரம் கேட்டு மரத்தொட்டில், மரப்பிள்ளை செய்து கோயிலில் போடுவார்கள். அவள் அந்த வழியில் போய்விட்டாள்.

"எவ்வளவு நாளாச்சும்மா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

கல்யாணத்தைக் கேட்கிறாள் என்று நினைத்து, "மூணு மாசம்" என்றேன்.

"ஐயோ, பச்ச ஒடம்புக்காரி! பெத்துப் பறிகுடுத்து மூணு மாசந்தானா!" அவள் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அழுதுடும்மா. அடக்கி வைக்காத. அதான் இப்புடி மரத்தச் செஞ்சு வச்சுக்கிட்டு அலையுற."

இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் இது என்ன என்று கேட்பாள். துப்பாக்கிக் கட்டை என்று அவளிடம், அந்தப் பையனை இடுப்பில் வைத்திருக்கிறவளிடம், எப்படிச் சொல்வது? என் வாயிலிருந்து 'விண்ணதிர் கடுமுழக்கி' போல நீளமாக ஏதோ காற்று மட்டும் வந்தது. அதற்குள் பின்னால் நின்றவள் எட்டிப் பார்த்தாள். "புள்ள தூங்குது, யாரும் தொடாதீங்க" என்று அஞ்சலை அவளை அதட்டினாள்.

மேடையில் பெயர் சூட்டல் தொழிற்சாலை வேகத்தில் நடந்தது. அமைச்சரிடம் ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர்தான் கைவசம் இருந்தது போலிருக்கிறது. பையன் என்றால் அறிவழகன், பெண் என்றால் தேன்மொழி. அன்று வலங்கைமானில் புறப்பட்ட தேன்மொழிகளைப் பிரித்தறிய வேண்டுமானால் கம்பெனிக்காரன் போல நம்பர்தான் அடிக்க வேண்டும். அஞ்சலையின் மகனும் அறிவழகன் ஆனான்.

அவள் இறங்கவில்லை. அமைச்சரின் காதருகே குனிந்து, "ஐயா, ஒண்ணும் கேக்காம ஒரு பேரு வச்சுடுங்கய்யா. பாவம், புள்ளையப் பறிகுடுத்துட்டு மரத்த வச்சுக்கிட்டு நிக்கிது. பொண்ணுன்னு நெனச்சுக்குங்க" என்றாள்.

அமைச்சர் என்னைப் பார்த்தார். அந்த மனுஷன் நல்லவர், அதை நான் இன்றைக்கும் சொல்வேன். இரண்டு கைகளாலும் கட்டையை வாங்கி, துணி ஒரு பக்கம் விலகியதைக் கவனிக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டார். குரல் கம்ம, "தேன்மொழி" என்றார். பிறகு அப்படியே மைக் பக்கம் திரும்பினார்.

"தாய்மார்களே! பெரியோர்களே! ஒரு தாயின் கண்ணீரை இந்த மேடையிலே பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இந்தக் காவிரி மண்ணுக்குத் துப்பாக்கி வேண்டாம், தொட்டில் போதும்! அறுவடை முடிகிற வரைக்கும் இந்த வட்டாரத்துத் துப்பாக்கிகள் எல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரவேண்டும். இனிமேல் புதிதாக ஒரு துப்பாக்கிகூட இங்கே செய்யப்படாது!"

தரையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாற்காலிக்காரர்கள் தட்டுவதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அமைச்சர் மார்பில் எங்கள் ஒற்றைக்குழல் கட்டை சாய்ந்திருந்தது.

இந்த நேரத்தில்தான் மாமா கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு முன்னால் வந்து சேர்ந்தார். பேச்சில் ஒரு எழுத்து அவர் காதில் விழுந்திருக்காது. அவர் பார்த்தது இரண்டே விஷயம்: அமைச்சர் கையில் கட்டை, ஊரெல்லாம் கைதட்டல். மாமாவின் ஆனந்தம் மைக் இல்லாமலே மைதானத்தை நிறைத்தது.

"எங்க துப்பாக்கிக்கு அமைச்சர் பேரு வச்சுட்டாருடோய்!"

துப்பாக்கி என்ற சொல் மட்டும் எல்லோருக்கும் கேட்டது. பெண்கள் பிள்ளைகளோடு குனிந்தார்கள். நாற்காலிகள் சாய்ந்தன. நாலு போலீஸ்காரர்கள் மேடைக்குத் தாவினார்கள். அமைச்சர் பதறிக் கையை எடுத்துவிட்டார். கட்டை விழவில்லை. வார்னிஷ்! வெள்ளைச் சட்டையோடு ஒட்டிக்கொண்டு ஒரு நொடி தொங்கியது. பிறகு மெதுவாக உரிந்து சரிந்தபோது, முனை உடைந்தால் மாமா திட்டுவாரே என்று நான் பாய்ந்து பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். (அந்தக் கூட்டத்தில் ஒருவராவது அப்போது என்னைத் தெளிந்த புத்திக்காரி என்று நினைத்திருப்பாரா?)

துணி நழுவிக் கீழே கிடந்தது. அஞ்சலை கட்டையைப் பார்த்தாள். வளைவைப் பார்த்தாள். களத்துமேட்டில் தினம் பார்த்த வளைவு அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

"புள்ளன்னு நெனச்சில்ல நான் அழுதேன்" என்றாள். திட்டவில்லை. மகனைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

எங்களை மேடைக்குப் பின்னாலிருந்த கீற்றுக் கொட்டகையில் நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது துப்பாக்கியா?"

"இல்லீங்க, வெறும் கட்டை" என்றார் மாமா.

"அப்பறம் ஏன் துப்பாக்கின்னு கத்துனீங்க?"

"பேரு வச்சாச்சுங்களே!"

தங்கராசு தலையில் கைவைத்துக்கொண்டார். அமைச்சர் சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தார். துப்பாக்கி வேண்டாம் என்று பேசிய அமைச்சர் துப்பாக்கிக்குப் பெயர் சூட்டினார் என்று காலையில் பத்திரிகையில் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. தங்கராசுதான் வழி சொன்னார். "அண்ணே, நீங்கதான் தொட்டில்னு பேசிட்டீங்களே. இது தொட்டில் கட்டைன்னு சொல்லிடுவோம்."

அமைச்சர் என் மாமாவிடம் திரும்பினார். "பெரியவரே, தொட்டில் செய்வீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் காதில் கத்தினேன். "தொட்டில் செய்வீங்களான்னு கேக்குறாங்க மாமா!"

"செய்யலாமே" என்றார் மாமா. "ஒத்தக்குழலா, ரெட்டக்குழலா?"

அதுவரை கல்லாக நின்ற இன்ஸ்பெக்டர் கொட்டகைக்கு வெளியே ஓடினார். அங்கே அவர் சிரித்த சத்தம் உள்ளே கேட்டது. அமைச்சரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் நாங்கள் அன்று வீடு திரும்பினோம்.

லைசென்சு புதுப்பிக்கப்படவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் தங்கராசு சர்க்கார் பிரசவ ஆஸ்பத்திரிகளுக்குத் தொட்டில் செய்யும் வேலையை வாங்கிக்கொண்டு வந்தார். ஆறு பேரும் பட்டறையிலேயே இருந்தார்கள். மாமாவுக்குப் பழைய கை போகவில்லை. ஒவ்வொரு தொட்டிலிலும் நெல் மூட்டையைப் போட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, தூர நின்று ஒற்றைக் கண்ணை மூடிக் குறிபார்த்துத்தான் அனுப்புவார். அடியில் 'தேன்மொழி' என்று பெயர் அடித்து, நம்பரும் அடித்தார். இரட்டைப் பிள்ளைகளுக்கு 'தேன்மொழி ரெட்டை' என்று தனி மாடல்.

முதல் தொட்டிலை அஞ்சலை வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லி நான் அடம்பிடித்தேன். நானேதான் கொண்டுபோனேன். அவள் வாசலிலேயே என்னை நிற்கவைத்து, தொட்டிலைச் சுற்றிவந்து, அடியில் கைவிட்டுத் தடவினாள்.

"மருந்து கிருந்து எதுவும் இல்லையே?"

"இல்லக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவள் முன்னால் முதல்முறையாக நிஜமாக அழுதேன். "வா, உள்ள வந்து நீச்சத்தண்ணி குடி" என்றாள்.

அடுத்த வருஷம் எனக்குப் பெண் பிறந்தது. என் வீட்டுக்காரர் பாக்கியிருந்த வார்த்தைகளைச் செலவழித்து, "தேன்மொழின்னே வச்சுடலாமே" என்றார். மாமா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "ஒரு மாடலுக்கு வச்ச பேர இன்னொண்ணுக்கு வைக்கக் கூடாது. பின்னால குழப்பம் வரும்." ஆகவே அவள் கயல்விழி.

அஞ்சலை அக்கா பார்க்க வந்தாள், நடக்கத் தொடங்கிய அறிவழகனைக் கையில் பிடித்துக்கொண்டு. நான் துணியில் சுற்றி ஏந்தியிருந்தேன். நேரே வந்து துணியை விலக்கினாள், குழந்தையின் கன்னத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள், பின்னால் நின்ற என் மாமியாரிடம் திரும்பி அறிவித்தாள்.

"சதைதான்."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தையைப் பார்க்கப் போனாலும் முதல் சடங்கு அதுதான். பேத்திக்குச் செய்தோம், நாத்தனார் பேரனுக்குச் செய்தோம். போன மாதம் கயல்விழியின் மகளுக்கு சிங்கப்பூரில் பிரசவம். வீடியோ காலில் மாப்பிள்ளை, ஆஸ்பத்திரித் துணியில் சுற்றிய பொட்டலத்தைப் பெருமையாகத் தூக்கிக் காட்டினார். "பாட்டி, பாருங்க!" என்றார். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சலை அக்கா போனைப் பிடுங்கினாள்.

"தம்பி, மொதல்ல துணிய வெலக்கிக் கன்னத்த அமுக்கிக் காட்டு. இவ வம்சத்த நம்ப முடியாது."